பழவேற்காடு: முகத்துவாரம் மூடினதால்தான் ஊர் அடங்கியதா?

தடாக்காரன்:
சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கிற பழவேற்காடு என்றால் டச்சுக் கல்லறை, பூநாரை, இறால் என்று மூன்றோடு பேச்சை முடித்துவிடுகிறோம். என் கேள்வி வேறு. டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1613ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் செய்த வணிகம் முழுவதற்கும் அதுதான் தலைமையிடம். 1690ல் தலைமையிடத்தைத் தூக்கி நாகப்பட்டினத்தில் வைத்துவிட்டார்கள். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடிப்போனதுதான் காரணம் என்று ஏரியின் இந்தப் பக்கம், அதாவது ஆந்திரக் கரையில், சொல்வார்கள். ஆனால் முகத்துவாரம் இன்றைக்கும்தான் கோடையில் மூடுகிறது. 1613ல் மட்டும் அகலத் திறந்தா கிடந்தது? மூடுகிற வாசலை நம்பி எவன் கோட்டை கட்டுவான்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லெழுத்து:
மணல் மூடியதால்தான் 1690ல் நகர்ந்தார்கள் என்பது தப்பு. கடலோடும் பெரிய கப்பல் எதுவும் இந்த ஏரியை நம்பி வரவில்லை. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள ஏரி இது. கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை மசூலாப் படகில் ஏற்றி அலை தாண்டிக் கொண்டுபோவார்கள். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கித் தரையில் அடித்தாலும் நெளிந்து கொடுக்கும், பிளக்காது. சென்னையிலும் செயற்கைத் துறைமுகம் வரும்வரை இதே கதைதான். ஆகவே "கப்பல் உள்ளே வர முடியாத ஊர்" என்பது பழவேற்காட்டுக்கு மட்டும் இருந்த குறை இல்லை, இந்தக் கரை முழுவதற்கும் பொது.

பின்னே ஏன் இந்த ஊர்? டச்சுக்காரர்களுக்கு இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காய், கிராம்பு வாங்கத் துணி வேண்டும். வெள்ளியைக் காட்டினால் அங்கே பாதி இடங்களில் வியாபாரம் நடக்காது, சோழமண்டலத் துணியைத்தான் கேட்பார்கள். அந்தத் துணி பழவேற்காட்டுக்குப் பின்னால் இருந்த நெசவூர்களில் கிடைத்தது. சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு ஒரு போட்டி வேண்டும் என்று நினைத்த விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் ஆதரவும் கிடைத்தது. 1609 வாக்கில் வந்து பண்டகசாலை போட்டார்கள், 1612ல் போர்த்துகீசியர் வந்து அதை அழித்தார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்ததற்கு அந்த அடிதான் காரணம். கெல்டர்லாந்து என்பது நெதர்லாந்தின் ஒரு மாகாணம், கோட்டையின் பெயர் அதிலிருந்து வந்தது.

1690க்கு வேறு காரணங்கள். 1658லேயே நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைக்கு வந்தாயிற்று. 1687ல் கோல்கொண்டா மொகலாயரிடம் விழுந்தது. அதையொட்டி வடக்கே போர், பஞ்சம், துணி வரத்தில் தடை. தஞ்சைப் பக்கம் ஒப்பீட்டளவில் அமைதி. கணக்குப் பார்த்து நகர்ந்தார்கள், அவ்வளவுதான்.

வரைபடம்:
கல்லெழுத்து சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். கப்பல் வெளியே நின்றது சரி. ஆனால் ஏரி வெறும் அலங்காரம் இல்லை. தெற்கில் ஆரணியாறு, வடமேற்கில் காளங்கியாறு, நடுவே வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்கு அலையில்லாத தண்ணீர். மாட்டு வண்டி போகாத மழை மாதத்திலும் தோணி போகும். கடலிலிருந்து வருகிற எதிரி முகத்துவாரத்தைத் தாண்டித்தான் ஊருக்கு வர வேண்டும். கோட்டைக்கு அது பாதி அகழி. வாசல் குறுகலாக இருப்பது கப்பலுக்குத்தான் குறை, கோட்டைக்கு அது வசதி.

பரப்பளவு கேட்டால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். கடல் நீர் ஏறும் ஏற்றத்தில் 450 சதுர கிலோமீட்டர், அது இறங்கும் வற்றத்தில் 250 என்பது பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. இரண்டும் சரி. எந்த மாதம், எந்த வேளையில் அளந்தார்கள் என்று கேட்காமல் இந்த ஏரியைப் பற்றி எந்த எண்ணையும் நம்பக்கூடாது. உப்பும் அப்படியே. கார்த்திகையில் ஆற்று வாயருகே ஏறக்குறைய நல்ல தண்ணீர். வைகாசியில் முகத்துவாரம் மூடிக்கிடந்தால் கடலைவிடக் கரிக்கும். கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் ஏரியின் வடகோடியில் 50ஐத் தாண்டுவதுண்டு.

ஏரியில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் ஆந்திராவில் இருக்கிறது. பெயர் மட்டும் தென்கோடியில் உள்ள நம் ஊரின் பெயர்.

தடாக்காரன்:
அந்தப் பெயரிலும் ஒரு சிக்கல். விஜயநகர காலத்தில் பிரளயக் காவேரி என்று பெயர். ஆங்கிலத்தில் புலிக்காட் என்பது, ஐரோப்பியர்கள் பழவேற்காட்டைப் பலியக்கட்டா என்று எழுதியதிலிருந்து திரிந்தது. புலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏரியில் கிடக்கும் ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே எது யார் இட்ட பெயர் என்று தெரியும். குப்பம் என்று முடிந்தால் மீனவர் ஊர். திப்ப என்று முடிந்தால் தெலுங்கு, நாம் திட்டு என்போமே அது. அட்டகானிதிப்ப ஓர் உதாரணம். தொருவு என்றால் தெலுங்கில் குட்டை. வடக்கு முகத்துவாரங்களில் ஒன்றுக்கு ராயதொருவு என்றே பெயர், இன்னொன்று தூப்பிலிபாளையம். ஆந்திர எல்லைக்குள் இருக்கிற இரக்கம் தீவில் வீட்டுப் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கு. 1960ல் படாஸ்கர் தீர்ப்புப்படி எல்லையை மாற்றியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரப் பக்கம் வந்து சத்தியவேடு ஆயின. ஏரிக்கு நடுவே யாரும் வேலி போடவில்லை. மீனுக்குத் தெரியாத எல்லை மீனவனுக்கு மட்டும் தெரிய வேண்டியிருக்கிறது. வலை பறிமுதல், படகு பிடிப்பு என்று அவ்வப்போது தகராறு வருவது அதனால்தான்.

சுத்துவலை:
முகத்துவாரம் எப்படி மூடுது, எப்படித் திறக்குதுன்னு யாரும் இன்னும் சொல்லல. அது தெரியாம இந்த ஊரப் பத்திப் பேச முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில ஆரணியாத்துத் தண்ணி ஏரிக்குள்ள இறங்கும். ஏரி மட்டம் கடலுக்கு மேல ஏறும். அந்த வேகத்துல மணல் திட்டு தானா உடையும், வாய் அகலமாகும். தை வரைக்கும் பிரச்சனை இல்ல. மாசிக்கு அப்புறம் ஆத்துத் தண்ணி நிக்கும். தெண்டி ஓட்டம் ஆரம்பிக்கும், அதாவது தெற்கேருந்து வடக்கே. அலை மணலைத் தள்ளிக்கிட்டே வரும். தெற்குக் கரையிலேருந்து மணல் நாக்கு மாதிரி நீளும், வாய் வடக்கே நகரும், குறுகும், சித்திரை வைகாசியில சில வருஷம் முழுசா மூடிடும்.

மூடினதும் பொக்லைன் கொண்டு வந்து வெட்டுறாங்க. பாதி நேரம் அது வீண் செலவு. ஏன்னா கோடையில வெயில் குடிச்சு ஏரி மட்டம் கடலுக்குக் கீழ போயிருக்கும். வாய்க்காலைத் தொறந்தா கடல் தண்ணி மணலோட உள்ள வரும், வெளிய தள்ள வேகம் இருக்காது. ஒரு வாரத்துல பழையபடி மூடிடும். வெட்டுறதா இருந்தா மூணு விஷயம் பாக்கணும். ஒண்ணு, ஏரிப் பக்கத்துலேருந்து தோண்டிட்டு வரணும், கடல் பக்கத்து கடைசி மேட்டை மட்டும் விட்டு வைக்கணும். ரெண்டு, அமாவாசை இல்ல பௌர்ணமி சமயமா பாத்து, ஏத்தம் முடிஞ்சு வத்தம் ஆரம்பிக்கிற வேளையில அந்தக் கடைசி மேட்டை உடைக்கணும். அப்பத்தான் தண்ணி தானே அரிச்சு ஆழம் பண்ணும். மூணாவது ரொம்ப முக்கியம். தோண்டின மணலைத் தெற்குப் பக்கம் கொட்டக் கூடாது. கொட்டினா தெண்டி அதையே திரும்பக் கொண்டாந்து வாயில போடும். வடக்குப் பக்கம்தான் கொட்டணும்.

வரைபடம்:
அருமை அண்ணே. இதில் துறைமுகங்களையும் சேர்க்க வேண்டும். ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் இந்தக் கரையில் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. குறுக்கே கருங்கல் தடுப்பு நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் கரை தேய்ந்ததும் இப்படித்தான். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வடக்கே அரிப்பு வருவதும் அதே கணக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒல்லியான மணல் பட்டை. அது தேய்ந்தால் புதிதாக வேறு இடத்தில் கடல் உடைத்துக்கொண்டு வரலாம்.

முகத்துவாரத்துக்கு இருபக்கமும் கருங்கல் சுவர் கட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரின் நுனி அலை உடைகிற இடத்தைத் தாண்டி நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நின்றுவிட்டால் மணல் நுனியைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் வரும். தாண்டி நீண்டால் வடக்கே உள்ள குப்பங்களுக்கு அரிப்பு. தெற்கில் சேர்கிற மணலை எடுத்து வடக்கே போட்டுக்கொண்டே இருக்கிற ஏற்பாடு இல்லாமல் சுவர் மட்டும் போதாது.

பெட்டிமுடை:
வாய் மூடினால் இறாலுக்கு என்ன என்று கேட்பவர்களுக்காக சுத்துவலை அண்ணன் பாடு முறையையும், அதாவது வலை கட்டும் இடத்தை முறை வைத்துப் பங்கிடுவதையும், சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

சுத்துவலை:
வெள்ளை இறால் முட்டை போடுறது கடல்ல. குஞ்சு ஒரு விரக்கடை கூட இருக்காது, ஏத்தத்தோட வாய் வழியா ஏரிக்குள்ள வரும். மூணு நாலு மாசம் இங்க வளரும். அப்புறம் வத்தத்துல கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்புற வழியில குச்சி நட்டு வலை கட்டுறதுதான் சுத்துவலை. ஓட்டம் இருந்தாத்தான் வலையில விழும். வாய் மூடினா குஞ்சும் வராது, ஓட்டமும் இருக்காது. ரெண்டு பக்கமும் நஷ்டம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்ல ஓட்டம் ஜாஸ்தி, வலையில விழுறதும் ஜாஸ்தி.

வாய்க்குப் பக்கத்துல நல்ல இடம் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்துல குச்சி நட முடியாது. அதனாலதான் பாடு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம், இந்த மூணு ஊருக்கும் முறை வெச்சு இடம் சுத்தி வரும். ஊருக்குள்ள சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம்னு முடிவு பண்ணுவாங்க. தலைக்கட்டு இருக்கிற ஆம்பளைக்குத்தான் சீட்டு. வேற வலைக்கு இந்த முறை கிடையாது, சுத்துவலைக்கு மட்டும்தான்.

தடாக்காரன்:
பாடு முறையைப் புகழ்ந்து எழுதுகிற எல்லோரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். முறைக்குள் இருப்பவர்களுக்கு அது நியாயம். வெளியே நிற்பவர்களுக்கு? இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு பிடித்ததை அதில் போடுவார்கள். அவர்களுக்குச் சீட்டு கிடையாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது அங்கிருந்து பெயர்ந்து வந்தவர்களுக்கும் பாடு முறையில் இடம் கிடைப்பது எளிதாக இல்லை.

சுத்துவலை:
அது நியாயமான பேச்சு தம்பி. மறுக்கல.

வரைபடம்:
ஏவுதளம் என்றதும் சாலை ஞாபகம் வருகிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரிக்கு நடுவே மண் கொட்டி மேடாக்கிப் போட்டது. தண்ணீர் போகும் கண்கள் குறைவு. சாலைக்கு வடக்கே உள்ள பகுதிக்குத் தென் வாயிலிருந்து ஏத்தம் போய்ச் சேருவதில்லை. கோடையில் அங்கே பல இடம் காய்ந்து உப்புப் பூத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே சாலைதான் பறவை பார்க்க மிக நல்ல இடம். முரண்தான்.

பெட்டிமுடை:
வணிகத்தில் விட்டுப்போனதை நான் சேர்க்கிறேன். மலேசியா, சிங்கப்பூரில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் காயின் பெலிகாட் என்று பெயர். காயின் என்றால் மலாயில் துணி, பெலிகாட் நம் ஊர். இங்கே பளையகாட் லுங்கி என்கிறோமே, அதுவும் இதுதான். ஊரில் இப்போது தறி கிடையாது. குடியாத்தம் பக்கம் நெய்து அந்தப் பெயரில் விற்கிறார்கள். உண்மையில் அன்றைக்கும் துணி பெரும்பாலும் உள்நாட்டு நெசவூர்களில் ஆனதுதான். ஏற்றுமதியான துறையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊரில் இன்றும் உயிரோடு இருக்கிற கைத்தொழில் பனையோலைப் பின்னல். முஸ்லிம் பெண்கள் வீட்டில் இருந்தபடி செய்வது. குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் கொதிக்கவிட்டு மறுபடி நிழலில் காயவைப்பார்கள். சாயம் ஏற்றிய ஓலையை வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்து ஓலை முறுகிவிடும். வாங்குபவர்கள் பெட்டியின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு மடிப்பில் ஓலை நுனி வெளியே துருத்தியிருந்தால் ஆறு மாதத்தில் பிரியும்.

இன்னொரு சரக்கையும் மறைக்கக் கூடாது. இதே துறையிலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். பஞ்ச ஆண்டுகளில் அந்த வியாபாரம் கூடியது. வெடிமருந்து ஆலையும் நாணயச் சாலையும் இருந்த பெருமையைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

கல்லெழுத்து:
சரியாகச் சொன்னீர்கள். 1690க்குப் பிறகான கதையையும் இரண்டு வரியில் முடிக்கிறேன். 1781ல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் போனது, பழவேற்காடும் போனது. பழவேற்காடு பிறகு டச்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது, 1795ல் மறுபடி ஆங்கிலேயர், 1818ல் மறுபடி டச்சு. 1824 உடன்படிக்கையின்படி 1825ல் முழுதாக ஆங்கிலேயருக்கு. அதற்குள் சென்னை எங்கேயோ போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால் சென்னைக்கும் இந்த ஏரிதான் ஒருவகையில் தாய்வீடு. ஆங்கிலக் கம்பெனி 1626ல் ஏரிக்கு வடக்கே துர்கராஜபட்டினத்தில், அவர்கள் அர்மகான் என்று எழுதிய இடத்தில், பண்டகசாலை போட்டது. அது சரிப்படாமல் தெற்கே இடம் தேடியதில்தான் 1639ல் மதராசப்பட்டினம் கிடைத்தது.

பின்னாளில் பழவேற்காடு சென்னைக்கு விறகும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் அனுப்புகிற ஊராகச் சுருங்கிப்போனது. பக்கிங்காம் கால்வாய் வழியாக ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகு படகாகப் போனது. ஆகவே தடாக்காரர் கேள்விக்கு என் பதில்: ஊரை அடக்கியது மணல் இல்லை, பக்கத்தில் எழுந்த சென்னை. மணல் அடக்கியது மீனவர்களை, அதுவும் நம் காலத்தில்.

தடாக்காரன்:
ஒப்புக்கொள்கிறேன். கல்லறைக்குப் போனால் எழுத்தை எப்படிப் படிப்பது? டச்சு தெரியாதே.

கல்லெழுத்து:
பத்து வார்த்தை போதும். கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, கடைத்தெருவுக்குப் பக்கம்தான். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே படுக்கைக் கற்களில் எழுத்து புடைப்பாக இருக்கும். "ஹியர் லெய்ட் பெக்ராவன்" என்று தொடங்கினால் "இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்". "ஹுய்ஸ்ஃப்ரவ்" என்றால் மனைவி. "சோன்" மகன், "டொக்டர்" மகள், மருத்துவர் இல்லை. "கோப்மன்" வணிகர், முன்னால் "ஒப்பர்" சேர்ந்தால் தலைமை வணிகர். "ஆன்னோ"வுக்குப் பின் ஆண்டு வரும். "அவுட்" என்றால் வயது, கூடவே "யாரன்" ஆண்டு, "மாண்டன்" மாதம். மாதத்தில் வயது எழுதிய கற்களைத் தேடிப் பாருங்கள், குழந்தைகள். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நான்கரைக்கு மேல் போனால் சாய்ந்த வெயிலில் புடைப்பு எழுத்து தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்போ மாவோ தடவிப் படிக்க முயலாதீர்கள், கல் கெடும்.

கோட்டையைப் பார்க்கப் போனால் ஏமாறுவீர்கள். சீமைக்கருவேல முள்ளுக்குள் செங்கல் மேடு, சுற்றிலும் அகழியின் பள்ளம், அவ்வளவுதான். நான்கு மூலையிலும் கொத்தளம் வைத்த சதுரக் கோட்டை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேட்டைச் சுற்றி வந்தால் மூலைகள் பிடிபடும். அதைவிட ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்கு நேரம் ஒதுக்குங்கள். செம்புறைக்கல்லால் எடுத்தது, உள்ளங்கை அளவில் ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள்.

பெட்டிமுடை:
மகிமை மாதா கோயிலையும் விட்டுவிடாதீர்கள். 1515ல் போர்த்துகீசியர் வைத்தது என்பது ஊர் வழக்கு. இப்போது நிற்கும் கட்டடம் புதிது. ஒரே காலை நடையில் பெருமாள் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றும் முடியும்.

வரைபடம்:
வழி: சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பேருந்தில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். பூநாரைக்கு மார்கழி, தை. ஆனால் பூநாரை பார்க்க மட்டும் பழவேற்காடு போகாதீர்கள். சூலூர்பேட்டையில் இறங்கி ஸ்ரீஹரிகோட்டாச் சாலையில் நின்று பாருங்கள். கூழைக்கடா கூடு கட்டுவதைப் பார்க்க இன்னும் வடக்கே, தொரவாரிசத்திரம் பக்கம் நேலபட்டு. ராக்கெட் ஏவும் நாளா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சாலையில் தடுப்பு இருக்கும்.

படகுச் சவாரிக்குக் கரையில் யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25ல் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அளவுக்கு மேல் ஆள், ஒருவருக்கும் மிதவை உடை இல்லை. ஏரி ஆழமில்லை என்ற நம்பிக்கை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் செல்லாது. வத்தத்தில் அங்கே இழுப்பு பலமாக இருக்கும்.

தடாக்காரன்:
நன்றி. கடைசியாக ஒன்று. களி நண்டு வாங்கி வர வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. எப்படிப் பார்த்து வாங்குவது?

சுத்துவலை:
கொடுக்கு கட்டின உயிர் நண்டு மட்டும் வாங்குங்க. அடிப்பக்கம், கால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்து ஓட்டைக் கட்டை விரலால அழுத்துங்க. அமுங்கினா தண்ணி நண்டு, தோல் உரிச்சுப் பத்து நாள் ஆகியிருக்கும், சதை இருக்காது. வியாபாரிங்க அதை மூணு நாலு வாரம் தீனி போட்டு வெச்சுக் கெட்டியான பிறகுதான் ஏற்றுமதிக்கு அனுப்புவாங்க. ஒரே அளவுல ரெண்டு இருந்தா கனமானதை எடுங்க. பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டிடாதீங்க, மூச்சு முட்டிச் செத்துடும், செத்த நண்டைச் சமைக்கக் கூடாது. ஐஸ் தண்ணியும் வேண்டாம். சணல் சாக்கை ஏரித் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு அதுல சுத்துங்க. சூலூர்பேட்டை போற வரைக்கும் இல்ல, மறுநாள் காலை வரைக்கும் உயிரோட இருக்கும்.